எலிமென்டல் அனலைசரில் வாயு மாதிரியைச் செலுத்தி நைட்ரஜன் ஐசோடோப்பு அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்பொருள் ஓட்டிப் பழகியவர்கள் முதன்முதலாக வாயு மாதிரியோடு எலிமென்டல் அனலைசர் (இனி இ.ஏ.) முன்னால் நிற்கும்போது எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். ‘டெல்டா’ என்று வரும் இடமெல்லாம் நைட்ரஜன்-15க்கான டெல்டா, அதாவது மாதிரியில் நைட்ரஜன்-15க்கும் நைட்ரஜன்-14க்கும் உள்ள விகிதம் காற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது. காற்றிலுள்ள நைட்ரஜன் 0. அலகு ‰, அதாவது ஆயிரத்துக்கு எத்தனை என்பது.

இ.ஏ. திடப்பொருளை எரிக்கத்தானே? அதுல வாயுவை எப்படி விடுறது?

இ.ஏ.யின் வேலை எரிப்பது மட்டுமில்லை. எரிந்து வந்ததைச் சுத்தம் செய்து, நைட்ரஜனைத் தனியாகப் பிரித்து, ஹீலியம் ஓட்டத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு (மூலக்கூறுகளை அயனியாக்கி நிறைவாரியாக எண்ணும் கருவி) அனுப்புவதும் அதன் வேலைதான். வாயு மாதிரிக்கு நமக்கு வேண்டியது இந்தப் பின்பாதி. 650 டிகிரி செல்சியஸில் இருக்கும் தாமிரம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக ஒடுக்கும். மெக்னீசியம் பெர்குளோரேட் ஈரத்தை எடுக்கும். காரம் பூசிய ட்ராப் (பிடிப்பான்) கார்பன் டையாக்சைடை நீக்கும். காலம் (column, வாயுக்களைப் பிரிக்கும் குழாய்) மிச்சத்தைப் பிரிக்கும்.

தனியாக வேறு கருவி வாங்காமல், இருக்கும் இ.ஏ.யில் செப்டம் (ஊசி குத்தக்கூடிய ரப்பர் அடைப்பு) வைத்த ஒரு வாசல் சேர்த்தாலே வேலை நடக்கும்.

அந்த வாசலை எங்க வைக்கணும்? மேலயா, கீழயா?

ஆக்சிடேஷன் குழாய்க்கு முன்னால், கேரியர் ஹீலியம் உள்ளே போகும் வழியில் வைப்பது நல்லது. ஆட்டோசாம்ப்ளரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் செப்டம் மூடி போடலாம். ஆட்டோசாம்ப்ளர் வேண்டுமென்றால் ஹீலியம் குழாயில் ஒரு டி-இணைப்பு போட்டு அதன் ஒரு கையில் செப்டம் வைக்கலாம். இப்படிச் செய்தால் மாதிரியிலுள்ள மீத்தேன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் சுமார் 1020 டிகிரியில் ஆக்சைடுப் படுகையைத் தாண்டும்போது கார்பன் டையாக்சைடாகி, ட்ராப்பில் மாட்டிக்கொள்ளும்.

தாமிரம் உள்ள ரிடக்ஷன் குழாய்க்குப் பின்னால் வைத்தால் பீக் (கருவி வரையும் சிகரம்) கூர்மையாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆக்சிஜன் அப்படியே அயனி மூலத்துக்கு (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வாயு அயனியாகும் இடம்) போகும். அங்கே நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு அயனி உண்டாகும். அதன் நிறை 30. அங்குள்ள சூடான இழையின் ஆயுளும் குறையும். ஆக்சிஜனே இல்லாத, சுத்தமான நைட்ரஜன்-ஹீலியம் கலவைக்கு மட்டும் அந்த இடம் சரி.

டி-இணைப்பின் செப்டம் கை எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஓட்டம் படாத மூலையில் வாயு தேங்கிக் கசிந்து வந்தால் பீக்குக்கு வால் முளைக்கும்.

எத்தனை மைக்ரோலிட்டர் அடிக்கணும்?

20 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தத்தில் 1 மி.லி. வாயு என்பது 41.6 மைக்ரோமோல். காற்றில் 78.08 சதவீதம் நைட்ரஜன். ஆகவே 100 மைக்ரோலிட்டர் காற்றில் 91 மைக்ரோகிராம் நைட்ரஜன் இருக்கும். 50 மைக்ரோலிட்டரில் 45. திடப்பொருளுக்கு உங்கள் கருவி 50 மைக்ரோகிராமில் நல்ல பீக் கொடுக்கிறதென்றால் காற்றுக்கு 50 முதல் 60 மைக்ரோலிட்டர் போதும்.

புதிதாகத் தொடங்கும்போது 20, 40, 60, 80, 100 மைக்ரோலிட்டர் என்று ஏற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். பீக்கின் பரப்பு நேர்கோட்டில் ஏற வேண்டும். டெல்டா மாறக் கூடாது. டெல்டா எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் எல்லை. மாதிரிகளின் பீக் உயரம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்படி அளவைத் தேர்ந்தால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

ஆக்சிஜன் பல்ஸை ஆன்லயே விட்டுடலாமா?

வேண்டாம், அணைத்துவிடுங்கள். 50 மைக்ரோலிட்டர் காற்றில் உள்ள ஆக்சிஜன் 0.44 மைக்ரோமோல், அதற்குச் செலவாகும் தாமிரம் 0.06 மில்லிகிராம்கூட இல்லை. திடப்பொருளுக்கு விடும் 10 மி.லி. ஆக்சிஜன் பல்ஸ் ஒவ்வொரு முறையும் 50 மில்லிகிராமுக்கு மேல் தாமிரத்தைத் தின்னும். தவிர, ஆக்சிஜன் சிலிண்டரில் எப்போதும் கொஞ்சம் நைட்ரஜன் இருக்கும். அது நேராக உங்கள் பீக்கில் போய் உட்காரும்.

விதிவிலக்கு: சாண எரிவாயு போல மீத்தேன் நிறைந்த மாதிரி. 100 மைக்ரோலிட்டர் மீத்தேன் முழுதாக எரிய 8 மைக்ரோமோலுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். நாள் முழுக்க ஆக்சைடுப் படுகையை மட்டும் நம்பினால் அது சோர்ந்துபோய், கார்பன் மோனாக்சைடு தப்பி வரத் தொடங்கும். அப்போது சிறிய பல்ஸ் ஒன்று வையுங்கள். அதே பல்ஸோடு பிளாங்க்கும் (மாதிரி இல்லாத வெற்று ஓட்டம்) ஓட்டுங்கள்.

எந்த சிரிஞ்சு நல்லது? அடிக்கிறதுக்கு முறை ஏதாவது இருக்கா?

வாயு கசியாத கண்ணாடி சிரிஞ்சு, ஊசிக்கு முன்னால் சின்ன வால்வு உள்ளது. பக்கவாட்டில் துளையுள்ள ஊசி என்றால் செப்டத்தைக் குடைந்து ரப்பர் துணுக்கை உள்ளே தள்ளாது.

முதலில், ஹீலியம் நிரப்பிய வயலில் (vial, மூடியிட்ட சிறு குப்பி) சிரிஞ்சை மூன்று முறை இழுத்துத் தள்ளிக் கழுவுங்கள். பிறகு மாதிரி வயலில் குத்தி, மெதுவாக இரண்டு முறை இழுத்து விட்டு, வேண்டிய அளவைவிடக் கூடுதலாக எடுங்கள்: 50 வேண்டுமென்றால் 80. ஐந்து விநாடி பொறுத்து வால்வை மூடி வெளியே எடுங்கள். பிளஞ்சரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தபடி வால்வைக் கண நேரம் திறந்து, 50க்கு இறக்கி, மூடுங்கள். வெளியேறும் அந்த வாயுதான் ஊசிக்குள் இருந்த காற்றைத் துரத்துகிறது. உடனே வாசலில் குத்தி, வால்வைத் திறந்து, ஒரே சீராகத் தள்ளுங்கள்.

வாசலுக்குள் ஹீலியம் அழுத்தம் வெளியைவிட அதிகம். வால்வைத் திறந்ததும் பிளஞ்சர் பின்னால் எகிறும், கட்டைவிரலை எடுக்காதீர்கள். தள்ளியபின் இரண்டு மூன்று விநாடி அப்படியே வைத்திருந்து வால்வை மூடி உருவுங்கள். ஓட்டத்தின் எத்தனையாவது விநாடியில் அடிக்கிறீர்கள் என்பது எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதைவிட முக்கியம், ஒரு தொகுதி முழுவதையும் ஒரே ஆள் அடிப்பது. கை மாறினால் எண்ணும் மாறுகிறது.

ஊசிக்குள்ள இருக்கிற துளியூண்டு காத்து என்ன பண்ணிடப் போகுது?

51 மில்லிமீட்டர் நீளம், 0.26 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட ஊசிக்குள் 2.7 மைக்ரோலிட்டர் கொள்ளும். கழுவாமல் 50 இழுத்தால் உள்ளே வருவது 47.3 மாதிரியும் 2.7 காற்றும். மாதிரி சுத்த நைட்ரஜன், அதன் உண்மையான டெல்டா +20‰ என்று வைத்துக்கொள்வோம். கருவி 19.1 காட்டும். சரி, பரவாயில்லை என்று தோன்றலாம்.

அதே +20‰, ஆனால் மாதிரியில் நைட்ரஜன் 10 சதவீதம்தான், மிச்சம் ஹீலியம் என்றால்? மாதிரி தரும் நைட்ரஜன் 4.7 மைக்ரோலிட்டர், ஊசிக்காற்று தருவது 2.1. இப்போது கருவி காட்டுவது 13.8. ஆறு ‰ போய்விட்டது. நைட்ரஜன் குறையக் குறைய ஊசிக்காற்றின் கை ஓங்கும்.

காத்தை அடிச்சுப் பாத்தேன், சுத்தமா 0 வந்துச்சு. அப்போ எல்லாம் சரிதானே?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஊசியில், வாசலில், செப்டத்தில் என்று எங்கே கசிந்தாலும் உள்ளே வருவது காற்று. காற்று மாதிரியில் காற்று கலந்தால் டெல்டா மாறவே மாறாது. உப்புநீரில் உப்பு விழுந்ததை ருசித்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பதுபோல. காற்று 0 காட்டுவது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் ரெஃபரன்ஸ் வாயுவின் மதிப்பும் ஒத்துப்போகின்றன என்பதற்குச் சான்று. நீங்கள் ஊசி போடும் முறைக்குச் சான்று அல்ல.

முறையைச் சோதிக்க இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ஹீலியம் வயலிலிருந்து மாதிரியை எடுப்பதுபோலவே 50 மைக்ரோலிட்டர் எடுத்து அடிப்பது. வரும் பீக்தான் உங்கள் பிளாங்க். செப்டத்தை வெறும் ஊசியால் குத்தினாலே ஒரு பீக் வந்தால், கோளாறு சிரிஞ்சில் இல்லை, வாசலில். இரண்டு, காற்றிலிருந்து நன்றாக விலகிய டெல்டா உள்ள நைட்ரஜனை ஹீலியத்தில் 100, 30, 10, 3 சதவீதமாக நீர்க்கச் செய்து அடிப்பது. நான்கும் ஒரே டெல்டா தந்தால் மட்டும் உங்கள் கையை நம்பலாம்.

பிளாங்க் இருக்குன்னு தெரிஞ்சுடுச்சு. கழிச்சுடலாமா?

பரப்பைக் கழிப்பது எளிது. டெல்டாவைக் கழிக்க, அளந்த டெல்டாவையும் பரப்பையும் பெருக்கி, அதிலிருந்து பிளாங்க்கின் டெல்டாவையும் பரப்பையும் பெருக்கியதைக் கழித்து, வந்ததைப் பரப்புகளின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். பிளாங்க்கின் பீக் சிறியது. அதன் டெல்டாவை அப்படியே நம்ப முடியாது. அது காற்றுதான் என்று உறுதியானால் 0 என்று போடுங்கள்.

பிளாங்க் மாதிரிப் பரப்பில் 5 சதவீதத்தைத் தாண்டினால் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுவதே மேல். தாண்டாவிட்டாலும் அது தடவைக்குத் தடவை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பிளாங்க்கைவிட மாறிக்கொண்டே இருக்கும் பிளாங்க்தான் ஆபத்து.

தரமாதிரி எதை வைக்கிறது? வாயுவுலயே கிடைக்குமா?

டெல்டா முன்பே தெரிந்த பொருள்தான் தரமாதிரி. காற்று இலவசம், அதன் டெல்டா வரையறைப்படியே 0. ஆனால் ஒரு புள்ளியை வைத்து அளவுகோல் போட முடியாது. இரண்டாவது புள்ளிக்கு அம்மோனியம் சல்பேட் தரமாதிரிகள் இருக்கின்றன: ஐஏஇஏ-என்-1 (+0.4‰), ஐஏஇஏ-என்-2 (+20.3‰), யுஎஸ்ஜிஎஸ்-25 (−30.4‰), யுஎஸ்ஜிஎஸ்-26 (+53.7‰). நைட்ரஜன் 21.2 சதவீதம் என்பதால் 50 மைக்ரோகிராம் நைட்ரஜனுக்கு 0.24 மில்லிகிராம் டின் கேப்சூலில் எடை போட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், திடப்பொருள் ஆக்சிஜன் பல்ஸோடு எரிகிறது, மேலே வேறு வாசல் வழியாக வருகிறது. உங்கள் மாதிரியோ சிரிஞ்சில் வருகிறது. தரமாதிரிக்கும் மாதிரிக்கும் ஒரே நடைமுறை என்ற விதி இங்கே உடைகிறது. நாங்கள் பரிந்துரைப்பது: காற்றிலிருந்து விலகிய டெல்டா உள்ள ஒரு நைட்ரஜன் சிலிண்டரை இந்தத் திடப்பொருள்களோடு ஒப்பிட்டு மதிப்பு நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அதன்பின் தினசரி ஓட்டத்தில் காற்று, சிலிண்டர் வாயு இரண்டையும் மாதிரிபோலவே வயலில் நிரப்பி, அதே சிரிஞ்சில் அடியுங்கள். பத்து மாதிரிக்கு ஒரு ஜோடி போதும்.

28 பேக்ரவுண்ட் ஏறிக்கிட்டே போகுது. எங்க கசியுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

28 என்பது நைட்ரஜன் மூலக்கூறின் நிறை, 32 ஆக்சிஜனின் நிறை. 28ஐ மட்டும் பார்க்காதீர்கள். 32, 40 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 40 என்பது ஆர்கான், காற்றில் 0.93 சதவீதம், அது எந்த ட்ராப்பிலும் மாட்டாது. மூன்றும் சேர்ந்து ஏறினால் தாமிரத்துக்குப் பின்னால் கசிவு. 28ம் 40ம் ஏறி 32 படுத்திருந்தால் தாமிரத்துக்கு முன்னால் கசிவு. உள்ளே வந்த ஆக்சிஜனைத் தாமிரம் பிடித்துவிட்டது. 32 குறைவு, ஆகவே கசிவில்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான் தவறு. வாயு வாசலின் செப்டம் தாமிரத்துக்கு முன்னால் இருப்பதால் அதன் கசிவு எப்போதும் இந்த வகையில்தான் தெரியும்.

28 மட்டும் தனியாக ஏறினால் கார்பன் மோனாக்சைடு, அல்லது தீர்ந்துபோன கார்பன் டையாக்சைடு ட்ராப், அல்லது ஹீலியம் சிலிண்டர். இணைப்புகளில் ஆர்கானைத் தூவி 40ஐப் பார்த்தால் இடம் பிடிபடும். செப்டத்தை 50 குத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நட்டை இறுக்கிக்கொண்டே போனால் செப்டம் இன்னும் சீக்கிரம் கிழியும்.

கசிவு இல்ல, பிளாங்க் நல்லா இருக்கு. ஆனா டெல்டா மெதுவா மேல ஏறுது. ஏன்?

முதலில் ஈர ட்ராப்பைப் பாருங்கள். அயனி மூலத்துக்குள் நீர் போனால் நைட்ரஜன் அயனி ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு நிறை 29ல் வந்து நிற்கும். ஓர் அணு நைட்ரஜன்-15 ஆக உள்ள நைட்ரஜன் மூலக்கூறின் நிறையும் 29 என்பதால், கருவி அதை நைட்ரஜன்-15 என்று எண்ணிக்கொள்ளும். பெர்குளோரேட் கட்டிதட்டியிருந்தால் நேரம் முடிந்தது. அது வலிமையான ஆக்சிகரணி. மாற்றும்போது எண்ணெய், காகிதம், பஞ்சு எதுவும் படக் கூடாது, கண்ணாடிக் கம்பளி மட்டும்.

அடுத்து கார்பன். கார்பன் மோனாக்சைடின் நிறை 28, நைட்ரஜனின் நிறையும் 28. அதிலுள்ள கார்பன்-13 நிறை 29ல் விழும். கார்பன்-13 இயற்கையில் சுமார் 1.1 சதவீதம், நைட்ரஜனின் 29க்கும் 28க்கும் உள்ள விகிதமோ 0.73 சதவீதம். ஆகவே கார்பன் மோனாக்சைடு கலந்தால் டெல்டா மேலே போகும். கார்பன் டையாக்சைடும் அயனி மூலத்தில் உடைந்து இதே அயனியைத் தரும். முந்தைய மாதிரியின் கார்பன் டையாக்சைடு தாமதமாக வந்து அடுத்த நைட்ரஜன் பீக்கின் அடியில் ஒளிந்துகொள்வது சர்வ சாதாரணம். காலம் போராபாக் வகையென்றால் கார்பன் மோனாக்சைடு நைட்ரஜனோடு சேர்ந்தே வரும். 5ஏ மாலிக்யூலர் சீவ் என்றால் பிறகு வரும். ஆனால் அந்த சீவில் கார்பன் டையாக்சைடு ஒட்டிக்கொண்டு விடாது, ட்ராப் இல்லாமல் போடாதீர்கள்.

பீக்குக்கு வால் இருக்கு. வாலை வெட்டிட்டு இன்டக்ரேட் (பரப்பைக் கணக்கிடுறது) பண்ணிக்கலாமா?

கூடாது. காலத்தில் 29 ஒரு நூலிழை முன்னால் வருகிறது, 28 பின்னால். வாலை வெட்டினால் 28தான் அதிகம் போகும், டெல்டா பொய்யாக உயரும். வாலின் காரணத்தைத் தேடுங்கள்: டி-இணைப்பின் தேக்கம், மெதுவாகத் தள்ளுவது, அடைபட்ட ட்ராப்பால் குறைந்த ஓட்டம். இரட்டைத் திமில் வந்தால் பெரும்பாலும் தள்ளும்போது கை நின்று மறுபடி தள்ளியிருக்கும்.

மாதிரியை வயல்ல எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

நாள் கணக்கைவிட வயலும் அழுத்தமும் முக்கியம். எக்ஸ்டெய்னர் போன்ற 12 மி.லி. வயல் என்றால் 16 முதல் 18 மி.லி. வரை திணித்து, உள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கும்படி வையுங்கள். கசிந்தாலும் வெளியே போகும், காற்று உள்ளே வராது. ஆனால் மிக நுண்ணிய துளை வழியாகக் கசிந்தால் இலேசான மூலக்கூறு வேகமாக வெளியேறும். நிறை 28க்கும் 29க்கும் வேக வித்தியாசம் 17.7‰. அழுத்தம் இறங்கிய வயலின் எண்ணைச் சந்தேகத்தோடு பாருங்கள். முன்கூட்டியே காற்று நீக்கி விற்கும் வயலிலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும். ஹீலியம் விட்டு, உறிஞ்சி, மறுபடி ஹீலியம் விட்டு, உறிஞ்சிய பிறகே மாதிரியை நிரப்புங்கள். ஒரு முறை குத்திய மூடியை நீண்ட நாள் சேமிப்புக்கு நம்ப வேண்டாம்.

தண்ணில கரைஞ்சிருக்கிற நைட்ரஜனை அளக்க முடியுமா?

முடியும். குமிழி இல்லாமல் 12 மி.லி. வயலை நிரப்பி மூடி, ஒரு ஊசியால் ஹீலியம் விட்டு இன்னொரு ஊசி வழியாக 4 மி.லி. நீரை வெளியேற்றி, நன்றாகக் குலுக்குங்கள். 20 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 0.5 மில்லிமோல் நைட்ரஜன் கரைந்திருக்கும். 8 மி.லி. நீரிலிருந்து ஏறத்தாழ 97 சதவீதம் மேலே உள்ள ஹீலியத்துக்கு வந்துவிடும். அங்கே நைட்ரஜன் சுமார் இரண்டரை சதவீதம். 50 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் 1.7 மி.லி. அடிக்க வேண்டும்.

காற்றோடு சமநிலைப்படுத்திய காய்ச்சி வடித்த நீர் இதற்கு அருமையான சோதனை மாதிரி. கரைந்த நைட்ரஜன் காற்றைவிடச் சுமார் 0.7‰ கனமானது. உங்கள் எண் 0.7ஐ விட்டு 0 பக்கம் நழுவினால் ஊசிக்காற்று உள்ளே வருகிறது.

1.7 மி.லி. எல்லாம் ஒரே அடியா அடிக்கலாமா?

ஹீலியத்தோடு ஹீலியம் சேர்வதால் கருவிக்குக் கேடில்லை. ஆனால் அழுத்தம் துள்ளும், ஓட்டம் தடுமாறும், பீக் அகலும். ஐந்து ஆறு விநாடி எடுத்துச் சீராகத் தள்ளுங்கள். தரமாதிரியையும் அதே கன அளவில், ஹீலியத்தில் நீர்க்கச் செய்து அடியுங்கள். இதையே அடிக்கடி செய்வீர்களென்றால் ஆறு வாசல் வால்வும் சாம்பிள் லூப்பும் (ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வாயுவைப் பிடித்து அனுப்பும் அமைப்பு) போட்டுக்கொள்வது நல்லது. கையின் தப்பு மொத்தமும் அதில் போய்விடும்.

நைட்ரஸ் ஆக்சைடு, அமோனியா இதையும் இப்படியே அளக்கலாமா?

நைட்ரஸ் ஆக்சைடு சூடான தாமிரத்தில் நைட்ரஜனாகி உங்கள் பீக்கோடு கலந்துவிடும். சாதாரணக் காற்று மாதிரியில் அதன் அளவு மிகச் சிறிது, கவலை வேண்டாம். அதைத் தனியாக அளக்கத்தான் வேண்டுமென்றால் குளிர்ட்ராப்பில் செறிவூட்டும் வேறு அமைப்பு தேவை. அமோனியா சிரிஞ்சுச் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். அதைக் கந்தக அமிலத்தில் பிடித்து, அம்மோனியம் சல்பேட்டாக டின் கேப்சூலில் ஓட்டுங்கள்.

ரெண்டாவது தரமாதிரிக்காக காத்துல கொஞ்சம் 98 சதவீத நைட்ரஜன்-15 வாயு கலந்தேன். 50‰ வரணும், 1‰ தான் வருது. எங்க போச்சு?

எங்கேயும் போகவில்லை, நிறை 30ல் இருக்கிறது. சிலிண்டரிலிருந்து வந்த மூலக்கூறுகளில் இரண்டு அணுவும் நைட்ரஜன்-15. காற்றோடு கலந்தாலும் அந்தப் பிணைப்பு அறுபட்டு அணுக்கள் மறுபடி ஜோடி மாறுவதில்லை, இ.ஏ.யின் சூட்டிலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். மென்பொருள் டெல்டாவைக் கணக்கிடுவது 29க்கும் 28க்கும் உள்ள விகிதத்திலிருந்து, அணுக்கள் சீராகக் கலந்திருக்கின்றன என்ற எண்ணத்தில். ஒரு லிட்டர் காற்றில் நீங்கள் சேர்த்த சுமார் 0.15 மி.லி.யில் 29 ஆக இருப்பது 4 சதவீதம்தான். அதுதான் அந்த 1‰. அதே கலவையில் 30 ஏறக்குறைய 14 மடங்கு கூடியிருக்கும்.

தரமாதிரி வேண்டுமென்றால் செறிவூட்டிய அம்மோனியம் சல்பேட்டையும் சாதாரண அம்மோனியம் சல்பேட்டையும் நீரில் கரைத்துக் கலந்து, பிறகு அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றுங்கள். அணுக்கள் அப்போதுதான் சீராக ஜோடி சேரும். மண்ணில் நைட்ரஜன்-15 இட்டு, வெளிவரும் வாயுவை அளப்பவர்களுக்கும் இதே கதைதான்: 29ஐ மட்டும் பார்த்தால் பாதி விஷயம் விடுபடும், 30ஐயும் அளக்க வேண்டும். இயற்கை நைட்ரஜனில் 30 என்பது 28ல் பத்து லட்சத்துக்கு 13 அல்லது 14 மட்டுமே. நைட்ரிக் ஆக்சைடு அயனியும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆகவே தாமிரம் புதிதாக இருக்க வேண்டும், 32 படுத்திருக்க வேண்டும். சாதாரணக் காற்றின் 30ஐ மாதிரிகளுக்கு இடையிடையே அளந்து அந்த அடித்தளத்தைக் கழிக்க வேண்டும். செறிவூட்டிய மாதிரிகளை ஓட்டத்தின் கடைசியில் வையுங்கள், அவற்றுக்கென்று தனி சிரிஞ்சும் ஒதுக்கிவிடுங்கள்.